சின்னத் திருத்தம்தான், ஆனாலும்...

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிட் (Git) திட்டத்துக்குப் புதியவர் ஒருவர் அனுப்பிய சின்னத் திருத்தத்தை மறுபடி மறுபடி மாற்றச் சொன்னது அநியாயம் என்கிறார், அதைப் பற்றி நான் படித்த கட்டுரையை எழுதியவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் புதியவர் கை வைத்தது, கிட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை ஸ்கிரிப்டில். கிட் கட்டளையின் வெளியீட்டை பைப் போட்டு (அதாவது நேரடியாக) சொல் தேடும் கட்டளையான கிரெப்புக்குக் கொடுத்தால், கிட் பாதியில் கிராஷ் ஆனாலும் கிரெப் தேடிய சொல் கிடைத்துவிட்டால் போதும், சோதனை பாஸ்! வெளியீட்டை முதலில் ஒரு கோப்பில் எழுதிவிட்டு அப்புறம் தேடச் சொல்வது அதனால்தான். நிரலை விடுங்கள், மாற்றத்தோடு சேர்த்து எழுதும் விளக்கமான கமிட் செய்தியையே துருவித் துருவிப் பார்ப்பார்கள். ஏன் மாற்றினீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். 2005 முதல் ஜூனியோ ஹமானோ பராமரித்துவரும் திட்டம், சும்மாவா? பேட்சை, அதாவது திருத்தத்தை, மின்னஞ்சலில் அனுப்புவது புதியவர்களுக்குத் தலைவலி, அது சரி. ஆனால் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்டால் அதை மின்னஞ்சலாக்கி அனுப்ப கிட்கிட்கேட்ஜெட் என்ற கருவி இருக்கிறதே, அதைக் கட்டுரையில் சொல்லியிருக்கலாம்.