டேசர்: மழையில் நனைந்தால் மரணம் நிச்சயமா?

ஹட்டன், நுவரெலியா வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "வண்டியை மறிக்கும் பொலிஸார் டேசரால் சுட்டால் 50,000 வோல்ட் உடம்பில் பாயும். மழையில் நனைந்திருந்தால் சாவுதான். தடித்த ஜாக்கெட் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது."

மூன்றும் பிழை. டேசர் என்பது கம்பியோடு இணைந்த இரண்டு ஊசிகளை எய்து, அவற்றின் வழியே மின்சாரம் பாய்ச்சும் கருவி. எக்ஸ்26 என்ற டேசர் வகையில் 50,000 வோல்ட் என்பது காற்றிலும் துணியிலும் பொறி தாண்டுவதற்கு. உடம்பில் சுமார் 1,200 வோல்ட்தான், சராசரி மின்னோட்டம் ஏறத்தாழ 2 மில்லிஅம்பியர். மின்சாரம் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ஓடுவதால், ஈரச் சட்டை மட்டும் ஆளைக் கொன்றுவிடாது. ஜாக்கெட்டையும் நம்பாதீர்கள். தொளதொளப்பாக இருந்தால் ஊசி தோலை எட்டாமல் போகலாம். ஆனால் இரண்டு ஊசிகளுக்கும் தோலுக்கும் நடுவில் துணியால் வரும் இடைவெளி மொத்தமாக 5 செ.மீ. வரை இருந்தாலும் பொறி தாண்டும்.

அதற்காக இது ஆபத்தில்லாத கருவி அல்ல. ஒருமுறை சுட்டால் 5 விநாடி மின்சாரம் பாயும். அதற்குள் தசைகள் இறுகி, கையூன்றக்கூட முடியாமல் ஆள் விழுவார். றம்பொடை வளைவுபோன்ற பள்ளத்தோரத்தில் விழுந்தால் என்ன ஆகும்? நெஞ்சில் பட்டால் இதயத்துக்கும் ஆபத்து உண்டு. பெட்ரோல் கசிந்த இடத்தில் பொறி தீ மூட்டலாம்.

2005இல் கலிபோர்னியாவில் சீட்பெல்ட் போடாததற்காக நிறுத்தப்பட்ட இளைஞர் டேசர் பட்டு விழுந்து நான்கு பற்களை உடைத்துக்கொண்டார். அது மிகையான பலப்பிரயோகம் என்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ஊசி தைத்திருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள், குறிப்பாக கண், கழுத்து அருகில். ஆஸ்பத்திரியில் எடுக்கட்டும்.