சாரலுக்குக் கான்ட்ராஸ்ட் கூட்டாதீர்கள்

ஜூன் மாதம் சாரல் பிடித்துவிட்டால் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையில் கேமராவோடு அலைபவர்கள் கூடிவிடுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்ற உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன்: எடுத்த படத்தைக் கருப்பு வெள்ளையாக்கியதும் கான்ட்ராஸ்ட்டை (கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டை) கடைசிவரை தள்ளி, மலையைக் கரியாகவும் வானத்தைச் சுண்ணாம்பாகவும் ஆக்கிவிடுகிறோம்.

சாரலின் இயல்பே கான்ட்ராஸ்ட்டைக் குறைப்பதுதான். காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால், தள்ளிப் போகப் போக ஒவ்வொரு மலையும் முன்னதைவிடச் சற்று வெளிறித் தெரிகிறது. படம் பார்ப்பவருக்குத் தொலைவையும் ஈரத்தையும் உணர்த்துவது அந்த வெளிறல்தான். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் அன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறையில் கருப்பு முதல் வெள்ளை வரை 11 படிகள் உண்டு. சாரல் காட்சி அவற்றில் நடுவிலுள்ள நாலைந்து படிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். அதை இழுத்துப் பதினொன்றிலும் பரப்பினால் மழை போய்விடும், மலை மட்டும் நிற்கும்.

புளியரை வயல் வரப்பில், நனைந்த வேட்டியை மடித்துக் கட்டி நின்ற பெரியவர் ஒருவரை எடுத்தேன். கேமராவில் ஒளியளக்கும் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடும் என்பதால் பனியும் வேட்டியும் அழுக்கேறித் தெரிந்தன. எடுக்கும்போதே ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியை இரு மடங்காக) கூட்டியிருக்க வேண்டும். நானோ வீட்டில் உட்கார்ந்து கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன். தொடையில் ஒட்டிய துணியின் மடிப்புகள் மறைந்து, வேட்டி வெட்டி ஒட்டிய காகிதமாகிவிட்டது.

நிறத்தை நம்பி ஏமாறுவதும் உண்டு. பச்சை நாற்றுக்கு நடுவே சிவப்புச் சேலை கண்ணைப் பறிக்கும், ஆனால் கருப்பு வெள்ளையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். ஃபிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டர் மாட்டுவார்கள். சேலை வெளுத்து, நாற்று கருத்துப் பிரிந்து நிற்கும். இன்று மென்பொருளில் சிவப்பையும் பச்சையையும் தனித்தனியே நகர்த்தி அதையே செய்யலாம்.

கான்ட்ராஸ்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. தென்மலை அருகே உள்ள பதின்மூன்று கண் ரயில் பாலத்தைக் கோடை வெயிலில் எடுத்தால், கண்களுக்குள் விழும் நிழல் கருப்பாகத்தான் இருக்க வேண்டும். அங்கே சாம்பல் பூசுவது (இதையும் செய்திருக்கிறேன்) உப்பில்லாச் சமையல்.

பெரியவரின் மூலக் கோப்பைப் போன வாரம் மறுபடி திறந்து, எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மட்டும் ஒரு ஸ்டாப் ஏற்றி, கான்ட்ராஸ்ட்டைத் தொடாமல் விட்டேன். வேட்டியின் மடிப்புகள் திரும்பின. அவர் தோளுக்குப் பின்னால், அன்று நான் கவனிக்காத இன்னொரு மலையும் இருந்தது.