சித்தி கேட்ட கேள்வி

தேவனாம்பட்டினத்துல எங்க சித்தி கருவாடு போடுறாங்க. நெத்திலி, வாளை, கெடைச்சா காரப்பொடி. சில வருஷம் முன்னாடி நான்தான் ஒரு தளத்துல அவங்களுக்கு பக்கம் ஆரம்பிச்சு குடுத்தேன், விடிகாலைல மணல்ல வலைய விரிச்சு நெத்திலி கொட்டி காய வைக்கிறத ஒரு போட்டோ எடுத்து போட்டா மதியத்துக்குள்ள பெங்களூர்ல இருந்தெல்லாம் ஆர்டர் வரும், அப்படியே 4000 பேர் சேந்தாங்க. இப்ப அதே மாதிரி போட்டோ போட்டா 60 பேர் கண்ணுல பட்டாலே பெருசு. மத்தவங்களுக்கும் காட்டணும்னா காசு கட்டணுமாம்.

"ஏம்பா, எங்கிட்ட வாங்குற ஆளுங்கள அவனே மறைச்சு வச்சுக்கிட்டு, காட்டுறதுக்கு எங்கிட்டயே காசு கேக்குறானா?"ன்னாங்க சித்தி. என்னத்த சொல்ல.

காசு கேக்குறதே தப்புன்னு சொல்ல வரல, சர்வர் சும்மா ஓடாது. ஆனா கூட்டம் சேர்ற வரைக்கும் ஓசி, நாம வேற எங்கயும் போக முடியாதுன்னு தெரிஞ்சதும் கட்டணம், இது அநியாயம்.

நாம கோவப்படுற விதமும் சரியில்லங்க. 2023ல ரெடிட்டுங்கிற அரட்டைத் தளம், வெளி ஆப்புங்க அதுலேர்ந்து பதிவுகள எடுக்குற வழிக்கு (ஏபிஐ) விலை வச்சாங்க, அப்படி ரெடிட்ட படிக்க அப்போலோன்னு ஒரு ஆப் செஞ்சவர் கணக்கு போட்டா வருஷத்துக்கு 2 கோடி டாலர் கட்ட வேண்டி வருது. ஜூன் 12ந்தேதி 8000க்கும் மேல சப்ரெடிட்ட, அதாவது ரெடிட்டுக்குள்ள இருக்குற குழுக்கள, அத நடத்துறவங்களே எதிர்ப்பு காட்ட பூட்டினாங்க, ஆனா பெரும்பாலானவங்க ரெண்டு நாள்தான்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. புதன்கிழமை திரும்பி வந்துடுவோம்னு சொல்லிட்டு சண்டை போட்டா எந்த கடைக்காரன் விலைய குறைப்பான்? இதுவும் கடந்து போயிடும்னு ரெடிட் சிஇஓ தன் ஆளுங்களுக்கு எழுதினாரு, அப்படியேதான் ஆச்சு. மாசக் கடைசில அப்போலோவ மூடிட்டாங்க.

அதே வருஷம் செப்டம்பர்ல, கேம் செய்ற மென்பொருள் விக்கிற யூனிட்டி கம்பெனி, ஒரு அளவுக்கு மேல ஓடுற கேமுக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் அத செஞ்சவங்க கட்டணம் கட்டணும்னு அறிவிச்சாங்க. டெவலப்பருங்க வெறுமனே கத்தல, கோடோட்டுன்னு அதே வேலைக்கு இருக்குற இலவச மென்பொருளுக்கு மாறுறோம்னு கெளம்பிட்டாங்க. பத்து நாள்ல விதிய தளர்த்தினாங்க, அடுத்த மாசம் சிஇஓ போனாரு, 2024 செப்டம்பர்ல அந்தக் கட்டணத்தையே எடுத்துட்டாங்க. அவங்களுக்கு போறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு.

சித்திக்கு இப்ப ஒரு நீள நோட்டு வாங்கி குடுத்திருக்கேன். பார்சல் அனுப்புற ஒவ்வொருத்தர் பேரு, நம்பர், யாருக்கு உப்பு கம்மியா வேணும்ங்கிறது வரைக்கும் அதுல எழுதுறாங்க, பொட்டலத்துக்குள்ளயும் தன் நம்பர ஒரு துண்டு சீட்டுல எழுதி வைக்கிறாங்க. நேத்து வரைக்கும் 112 பேரு. இந்த வாரம் வாளை காயுது, வேணும்ங்கிறவங்க பக்கத்த பாத்து காத்திருக்காம நேரா சித்திக்கே போன் போட்டு சொல்லிடுங்க.