அந்த நோட்டு அவளுக்கு, உங்களுக்கு இல்ல

பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன், முடியல. அந்த நோட்டுப் பக்கம் போட்டோவா குரூப்ல சுத்துனது தங்கச்சிமடத்துல இருந்து பாம்பன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், யாரு எடுத்துப் போட்டாங்கன்னும் தெரியும், பேரு சொல்லல. புருஷன் கடல்ல பிடிபட்டு அங்கிட்டு இலங்கை ஜெயில்ல கெடக்கயில ஒரு பொண்ணு ராத்திரி உக்காந்து மனசுல இருக்கறத எழுதுனா அது அவளுக்கு. மாமியாரப் பத்தி இருந்தாலும் சரி, கோவத்துல என்னத்த எழுதியிருந்தாலும் சரி, அது உங்களுக்கு இல்ல.

"எழுதுனா கவலை போயிருமா"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. எனக்கு கொறஞ்சுச்சுண்ணே. என் தம்பி இப்படி மாட்டுனப்ப அம்மா முன்னாடி நான் அழ முடியாது, நான் அழுதா அது விழுந்துரும், டீசலு ஐஸு கணக்கு எழுதுற நோட்ட திருப்பிப் போட்டு கடைசிப் பக்கத்துல இருந்து எழுதுனேன். மொதல்ல பூரா திட்டுதான், கடல, சாமிய, தம்பியக் கூட. எழுத எழுத, எந்த ஆபீசுக்குப் போகணும், மனுவுல என்ன கேக்கணும்னு எழுத ஆரம்பிச்சிருந்தேன். யாரும் சொல்லித் தரல.

1986ல அமெரிக்காவுல பென்னிபேக்கர்ங்கிற சைக்காலஜி புரபசரும் பீல்ங்கிறவங்களும் காலேஜ் பசங்கள, மனசு ஒடஞ்ச விஷயத்த தினம் 15 நிமிஷம், நாலு நாள் எழுத வச்சாங்க. எழுதுன கையோட வேதனை கூடத்தான் செஞ்சுச்சு, பின்னால வந்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போறது கொறஞ்சுச்சு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது, ஒத்துக்கிறேன். ஆனா அங்க எழுதுனத ரகசியமா வச்சாங்க, அதப் பாருங்க.

வெள்ளக்காரன் பழக்கம்னு சொல்றவங்களுக்கு, புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736லயே தமிழ்ல டைரி எழுதுனவரு. அவ்வளவுதான் பதில்.

"நாலு பேர்கிட்ட வாய்விட்டு சொல்ல வேண்டியதுதான"ன்னு கேக்குறீங்களே, யார்கிட்ட? ஒங்ககிட்டயா? சொன்னா சாயங்காலத்துக்குள்ள மண்டபம் போயிரும். பாவசங்கீர்த்தனத்துல, அதான் கோவில்ல சாமியார்கிட்ட நம்ம பாவத்தச் சொல்றதுல, சொன்னத அந்த சாமியார் உசுரே போனாலும் வெளிய சொல்லக்கூடாது, அத நம்பித்தான நம்ம போயி முட்டி போடுறோம்? அந்த மரியாதை ஒரு பொம்பளையோட நோட்டுக்கு ஏன் இல்ல? கோவில்ல பக்கத்துல உக்காந்து செபமாலை சொன்னவங்களே ஃபார்வர்ட் பண்ணியிருக்கீங்க, அதுதான் எனக்கு ஆறல. அவ என்ன கொலையா பண்ணுனா? தாங்க முடியாம எழுதுனா.

குரூப்ல இருக்கவங்க இன்னைக்கே அந்தப் போட்டோவ அழிங்க. எடுத்தவங்க அவ வீட்டுக்கே போயி, அவ முகத்தப் பாத்து மன்னிப்பு கேளுங்க. ஃபோன்ல வேண்டாம்.