வேம் உப்பை எடுக்காது
வேம் (VAM) என்ற பூசண உயிர் உரத்தைப் போட்டால் உப்பு நிலம் சரியாகிவிடும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது கொஞ்சம் கூடுதல். வேருக்குள் வாழும் இந்தப் பூசணம் மண்ணிலிருக்கும் உப்பைக் குறைக்காது. வேருக்குள் புகுந்து, வெளியே மயிரைவிட மெல்லிய இழைகளை விட்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நீரும் கொண்டுவருகிறது. பயிருக்குள் சோடியம் ஏறுவது குறைந்து பொட்டாசியம் நிலைப்பதால் இலை நுனி கருகுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். உப்பை வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். சோடியம் மிகுந்த களர் நிலம் என்றால் ஜிப்சமும் போட வேண்டும்.

மிளகாய், கத்தரி வைப்பவர்கள் நாற்றங்காலிலேயே விதைக்கு அடியில் தூவுங்கள். வேரில் படாவிட்டால் வீண். கூடவே மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிப் போட்டாலும் பூசணம் சரியாகப் பிடிக்காது. நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். அப்புறம், கடுகு, முட்டைக்கோஸ், பீட்ரூட்டுக்கு வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம், அவற்றின் வேரில் இது குடியேறாது.