கைத்திறமை மட்டும் போதாது

அவசரத்தில் நோயாளி மூச்சுவிட மூச்சுக்குழாயில் டியூப் போடுவது வெறும் கைத்திறமை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒப்பவில்லை. 29 நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், டியூப் போடும்போது தீவிர நோயாளிகளுக்கு அதிகம் நேர்ந்த சிக்கல் ரத்த ஓட்டம் தடுமாறியதுதான். நூற்றில் மூவருக்கு இதயமே நின்றது. அதனால் தலைமாட்டை உயர்த்தி, மூன்று நிமிடமாவது ஆக்சிஜன் கொடுத்து, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வேலூர்ப் பக்கம் இன்னொரு தொல்லை, பூச்சிமருந்து குடித்து வருபவர்கள். ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகை விஷத்தில், டியூப் போடத் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தைப் போட்டால், சில நிமிடத்தில் விலக வேண்டிய தசைத்தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும். அந்த மருந்தைச் சிதைக்கும் என்சைமை விஷம் முடக்கிவிடுகிறதே! அங்கே இன்னொரு தசைத்தளர்ச்சி மருந்தான ரோகுரோனியம்தான் சரி. அப்புறம், டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டெத்தை மட்டும் நம்பாதீர்கள். வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அலையாகக் காட்டும் கேப்னோகிராபில் அலை வரவில்லையா? டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே முதலில் நினையுங்கள்.