ஜோயி தோற்றதும் ஃப்ரேசியர் வென்றதும்

பல ஆண்டுகள் மக்கள் மனத்தில் குடியிருந்த ஒரு நகைச்சுவைத் தொடர் முடியும்போது, அதிலிருந்து ஒருவரை மட்டும் எடுத்துத் தனித்தொடர் செய்தால் பார்வையாளர்களும் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று தொலைக்காட்சி நிறுவனங்கள் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கு பொய்த்துப்போகும்போது, மூலத்தின் தரத்தைப் புதியது எட்டவில்லை என்று நாமும் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. சிட்காம் எனப்படும் இத்தகைய நகைச்சுவைத் தொடரில் நாம் ரசிப்பது, ஒரு மனிதர் மற்றவர்கள் நடுவே நிற்கும் இடத்தைத்தான். அந்த இடத்தை மறுபடி கட்டித்தராமல் ஆளை மட்டும் அழைத்துவந்தால், வசனம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் சிரிப்பு வராது.

1982 முதல் 1993 வரை ஓடிய ‘சியர்ஸ்’, பாஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்றில் நடக்கும் கதை. 1984-இல் அதற்குள் நுழைந்த மனநல மருத்துவர் ஃப்ரேசியர் கிரேனுக்கு அங்கே நாளடைவில் அமைந்த வேலை, சாதாரண மக்கள் கூடும் இடத்தில் படிப்பின் மிடுக்கோடு பேசி மூக்குடைபடுவது. ஃப்ரேசியராக நடித்த கெல்சி கிராமர் அதை அழகாகச் செய்தார். ‘சியர்ஸ்’ முடிந்த அதே 1993-இல் ஃப்ரேசியரை அவர் பெயரிலேயே அமைந்த தனித்தொடருக்காக நாட்டின் மறுகரையில் இருக்கும் சியாட்டிலுக்கு அனுப்பிய படைப்பாளர்கள், மூக்குடைப்பதற்கு முதலில் ஓர் ஆளை ஏற்பாடு செய்தார்கள். ஓய்வுபெற்ற காவலரான தந்தை மார்ட்டின், மகன் பார்த்துப் பார்த்து அலங்கரித்த வரவேற்பறையில் தன் பழைய சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பீர் குடித்தபடி உட்கார்ந்துகொள்கிறார். பழைய மதுக்கடை முழுவதும் ஒரே மனிதரின் உருவில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தம்பி நைல்ஸ் பாத்திரமோ முதலில் திட்டத்திலேயே இல்லை. மிடுக்கில் அண்ணனையும் மிஞ்சும் அந்தத் தம்பி அருகில் நின்றதும், முந்தைய தொடரில் கேலிப்பொருளாக இருந்தவர் ஓரளவு நடைமுறை தெரிந்த மனிதராகத் தோன்றத் தொடங்கினார். நாயகனாக அவரைப் பதினொரு பருவங்கள் தாங்கியது இந்த இடமாற்றம்தான் என்பது என் எண்ணம்.

இதில் இன்னொரு துணிச்சலும் உண்டு. ‘சியர்ஸ்’ தொடரில் தன் தந்தை இறந்துவிட்டதாக ஃப்ரேசியர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிக்குக் கட்டுப்பட்டிருந்தால் மார்ட்டினே பிறந்திருக்க மாட்டார். இரண்டாம் பருவத்தில் பழைய நண்பர் சாம் வந்து அதைப் பற்றிக் கேட்கும்போது, அப்பாவோடு அப்போது சண்டை, அதனால் அப்படிச் சொன்னேன் என்று இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார்கள். அந்த முரண்பாடும் ஒரு நகைச்சுவையாகிவிட்டது.

நேர ஒதுக்கீட்டையும் நாம் மறந்துவிடுகிறோம். ‘சியர்ஸ்’ ஒளிபரப்பான வியாழன் இரவு 9 மணி 1993-இல் ‘சைன்ஃபெல்ட்’ தொடருக்குப் போயிற்று; ‘ஃப்ரேசியர்’ அதற்குப் பின்னால் 9.30-க்கு வந்தது. ‘சியர்ஸ்’ விட்டுச்சென்ற இடத்தில் உட்காரும் கட்டாயம் அதற்கு இல்லை. 2004-இல், ஆறு நண்பர்களைப் பற்றிய ‘ஃப்ரெண்ட்ஸ்’ முடிந்தபோது, இவற்றையெல்லாம் ஒளிபரப்பிய அதே என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம், அந்த அறுவரில் ஒருவரை மட்டும் வைத்து எடுத்த ‘ஜோயி’ தொடரை வியாழன் இரவு 8 மணிக்கு, அதாவது ‘ஃப்ரெண்ட்ஸ்’ ஓடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் வைத்தது. வாரந்தோறும் ஆறு பேரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஐந்து காலி இடங்களே முதலில் தெரிந்திருக்கும்.

ஆனாலும் நேரத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. நியூயார்க்கில் ஜோயி அந்த ஆறு பேரில் கடைக்குட்டி போல இருந்தவர். அவருடைய அசட்டுத்தனத்தைத் தாங்கிக்கொள்ளச் சாண்ட்லர் இருந்தார், திருத்த மோனிகா இருந்தார், வெகுளித்தனத்தில் அவருக்கு இணையாக ஃபீபி இருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அக்காவையும், படிப்பில் சூரனான ஒரு மருமகனையும் கொடுத்து, இந்த மனிதரையே தொடரின் நடுத்தூணாக நிறுத்தினார்கள். தூண் அசட்டுத்தனம் செய்தால் கூரை நிற்காது. செய்யாவிட்டால் அவர் ஜோயியே இல்லை. இந்தச் சிக்கலுக்கு விடை கிடைக்காமலே 46 பகுதிகளோடு 2006-இல் தொடர் நின்றது. ஜோயியாக வந்த மாட் லெப்ளாங்கின் நடிப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கொரியப் போரின் நடுவே ஒரு ராணுவ மருத்துவமனையில் நடக்கும் ‘மேஷ்’ முடிந்த 1983-லேயே தொடங்கிய ‘ஆஃப்டர்மேஷ்’ கதியும் ஏறத்தாழ இதுதான்: மூன்று பழைய முகங்கள் வந்தன, அவர்களுடைய சிரிப்புக்குக் கனம் கொடுத்த போர் வரவில்லை.

மூலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிந்துபோகும் தொடருக்கு இந்தத் துக்க வீட்டுச் சூழல் இல்லை. ‘ஆல் இன் தி ஃபேமிலி’யில் ஆர்ச்சி பங்கரின் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த ஜார்ஜ் ஜெஃபர்சன், 1975-இல் தொழிலில் முன்னேறி மன்ஹாட்டன் அடுக்ககத்துக்குக் குடிபோனார். ஆர்ச்சியின் நிறவெறிக்குப் பதிலடி கொடுத்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர், இப்போது தன் வெறுப்புகளோடும் வீம்போடும் தானே கேலிக்கு ஆளானார். ஆர்ச்சியை விரும்பியவர்கள் அவரை அவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் ‘தி ஜெஃபர்சன்ஸ்’ யாருக்கும் ஈடுகட்ட வேண்டியிருக்கவில்லை. பதினொரு பருவங்கள் ஓடி, ஒன்பது பருவங்களில் முடிந்த மூலத்தையே தாண்டியது.

ஷெல்டன் என்ற விஞ்ஞானியின் சிறுவயதைச் சொல்லும் ‘யங் ஷெல்டன்’ 2017-இல் வந்தபோதும், அதன் மூலமான ‘தி பிக் பேங் தியரி’ முடிந்திருக்கவில்லை. எனினும் அதன் பலம் வேறு இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். மூலத்தில் ஷெல்டன் தன் தந்தையைக் குடிகாரர் என்றும் தாய்க்குத் துரோகம் செய்தவர் என்றும் சொல்லிவந்தார். கிளைத்தொடரில் வரும் அந்தத் தந்தை ஜார்ஜ் கூப்பரோ களைத்துப்போன, பொறுமையான, மகனைப் புரியாமலே நேசிக்கும் மனிதர். ஒரு பிள்ளையின் நினைவு தந்தைக்கு நியாயம் செய்யாமல் போயிருக்கலாம் என்ற எண்ணம் மெல்ல எழுகிறது. பழைய தொடரை மறுபடி பார்க்கும்போது ஷெல்டனின் அந்தக் கேலிகள் முன்புபோல் ஒலிப்பதில்லை. மூலத்துக்கு ஈடாக நிற்பதைவிட, மூலத்தைப் பார்க்கும் பார்வையையே மாற்றுவது பெரிய காரியம் என்று சொல்வேன்.

2023-இல் ஃப்ரேசியரே மீண்டும் வந்தார், அதுவும் பாஸ்டனுக்கு. இம்முறை அவர் தந்தை; மகன் ஃப்ரெடி தீயணைப்பு வீரர். பழைய அமைப்பையே தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஆனால் மார்ட்டினாக நடித்த ஜான் மஹோனி 2018-இல் காலமாகியிருந்தார். நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் திரும்பிவர விரும்பவில்லை. இரண்டு பருவங்களோடு அந்த முயற்சி நின்றது. கிராமரின் குரலும் தோரணையும் அப்படியேதான் இருந்தன, ஆனால் அவரைவிட மிடுக்கானவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை.